கூட்ஸ் யார்டில் இரண்டு ராத்திரி

அத்தை வீட்டுக்கு ரயில் பார்க்கப் போகிறோம் என்று நைனா சொன்னபோது எனக்கு எட்டு வயது, தங்கைக்கு நாலு. அதுவரை நான் ரயிலைப் பார்த்ததில்லை. ஏரிக்கு நடுவே இருக்கும் எங்கள் பசியாவரத்துக்கு எது வருவதானாலும் படகில்தான் வர வேண்டும். பொன்னேரி வரை போய்வந்த பிள்ளைகள் சிலர் ரயிலைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அது எவ்வளவு நீளம் என்று கேட்டால் ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். அத்தை வீடோ தண்டவாளத்தின் ஓரத்திலேயே இருக்கிறதாம். அங்கே இரண்டு ராத்திரி தங்கப் போகிறோமாம். நான் அன்றைக்கு ஊரில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஊரில் யாரும் சந்தோஷப்படும் நிலையில் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. அந்த வருஷம் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. கடல் தண்ணீர் உள்ளே வராமல் ஏரி வற்றி, கரையோரம் எல்லாம் சேறு வெடித்துக் கிடந்தது. எங்கள் வீட்டுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. அம்மாவும் நைனாவும் தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போடுவதற்கு ஓலையில் முடைந்த பறி ஒன்றைக் கயிற்றால் வாயில் கவ்விக்கொண்டிருப்பார்கள். வாயில் பறி இருக்கும்வரை பேச முடியாது. எங்கள் வீட்டில் யாருமே அதிகம் பேசாதவர்களாகிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பின்னாளில் நினைத்துக்கொண்டேன். நானும் ஒரு வருஷமாகத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தேன். அம்மா அப்போது ஏழு மாத கர்ப்பிணி. அதனால் அவள் எங்களோடு வரவில்லை.

அம்மா ஒரு மஞ்சள் பையில் துணி அடுக்கினாள். தங்கையின் நாலு கவுனும் உள்ளே போயின. எனக்கு ஒரு பாவாடை சட்டை மட்டும். நான் சண்டைக்குப் போனேன்.

"அவளுக்கு மட்டும் இன்னாத்துக்கு எல்லாத்தையும் வைக்கிற?"

"அவ சின்னப் பொண்ணு. நனைச்சிக்குவா" என்றாள் அம்மா.

அது எனக்கு நியாயமாகப் பட்டது. தங்கை அப்போதும் பாயை நனைப்பவள்தான்.

கிளம்புகிற நேரத்தில் அம்மா தங்கையை மடியில் உட்காரவைத்து, பின்னிய சடையை அவிழ்த்து மறுபடி பின்னினாள். அதையும் அவிழ்த்தாள். படகு காத்திருக்கிறது என்று நைனா வாசலிலிருந்து இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை உள்ளே வந்து தங்கையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு பக்கம் பின்னியும் ஒரு பக்கம் பின்னாமலுமாகத் தங்கை படகேறினாள். அம்மா கரைவரை வரவில்லை. வயிற்றோடு இருப்பவள் வெயிலில் வரக்கூடாது என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். முந்தின நாள் அதே வெயிலில் அவள் இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள்.

பழவேற்காட்டில் பஸ்ஸுக்கு வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில் கொஞ்சம் நிழல் இருந்ததால் அங்கே போய் நின்றோம். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருப்பார்கள். நான் தங்கையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பித் திருப்பி விளையாட்டுக் காட்டினேன். அவள் நைனாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"உள்ள யாரு கீறாங்க?" என்று கழுத்திலிருந்தபடியே கேட்டாள்.

"கப்பல்ல வந்தவங்க. ஊருக்குத் திரும்பிப் போக முடியாம இங்கியே செத்துப் பூட்டாங்க" என்றார் நைனா.

"இவுங்க அம்மால்லாம் எங்க?"

நைனா பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.

பொன்னேரியில் ரயிலேறி, அத்தை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ரயிலில் வந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அத்தை வீட்டை ஒட்டியிருந்த கூட்ஸ் யார்டைப் பார்த்த பிறகு அது எனக்கு மறந்தே போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு தண்டவாளங்கள் பக்கம்பக்கமாக ஓடின. அவற்றின் மேல் சிவப்பு வேகன்கள், ஆளில்லாத தெருவில் வீடுகள் நிற்பது போல நின்றன. அவற்றுக்கு நடுவே கரி இன்ஜின் ஒன்று பெருமூச்சு விட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடமாடியது. ஓரமாக ஒற்றை வரிசையில் ஏழெட்டு ரயில்வே குவார்ட்டர்ஸ். அத்தையுடையது கடைசி. அதற்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு கம்பி வேலியும், அடுக்கிவைத்த பழைய கட்டைகளும் மட்டும்தான்.

அத்தை நைனாவுக்கு அக்கா. ஒல்லியான உடம்பு, உரத்த குரல். எப்போதும் சத்தத்துக்கு நடுவே பேசியே அப்படி ஆகிவிட்டது என்பார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் ஊரில் அவளைப் பற்றி யார் பேசினாலும் அதைச் சேர்த்துத்தான் பேசுவார்கள். அத்தையின் கணவர், எங்கள் மாமா, யார்டில் பாயிண்ட்ஸ்மேன். எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதற்குத் தகுந்தபடி இரும்புப் பிடியை இழுத்து வழியை மாற்றிவிடும் வேலை. ராத்திரி வேலைக்குப் போகும்போது ஒரு கைவிளக்கு எடுத்துப் போவார். அதில் கண்ணாடியைத் திருப்பினால் பச்சை வரும், இன்னும் திருப்பினால் சிவப்பு வரும். போகும் முன் அதை என் கையில் கொடுத்து ஐந்தாறு முறை திருப்ப விட்டார். எனக்கு வந்த காரியம் முடிந்துவிட்டது போல இருந்தது.

அந்த முதல் ராத்திரி நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. இன்ஜின் ஒரு வேகனைப் பின்னாலிருந்து தள்ளி விட்டுவிடும். வேகன் யாருமில்லாமல் தானாகவே இருட்டில் உருண்டு போகும். சத்தமே இருக்காது. எங்கே போயிற்று என்று நான் கழுத்தை நீட்டும்போது, தூரத்தில் நிற்கும் வேகனில் போய் மோதி டமாரென்று சேர்ந்துகொள்ளும். அந்தச் சத்தம் ஒரு வேகனிலிருந்து அடுத்ததற்கு ஓடி, வரிசையின் கடைசிவரை போய் நிற்கும். படுத்திருக்கும் தரை அதிரும். அலமாரியில் அத்தையின் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும். கரிப்புகை வாசனையும் சுடுசாம்பல் வாசனையும் ஜன்னல் வழியாக வரும். எங்கோ மாமா விசில் ஊதுவார். ஒரு பச்சைப் புள்ளி ஆடும். எனக்குத் தூங்க மனமே வரவில்லை. ஊரெல்லாம் தூங்கும்போது தூங்காமல் இருக்கும் இடம் ஒன்று உலகத்தில் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தங்கைக்கு அது நரகமாக இருந்தது. ஒவ்வொரு மோதலுக்கும் தூக்கிவாரிப் போட்டு அழுதாள். அத்தை அவளைத் தூக்க வந்தாள். தங்கை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அத்தை வெல்லம் கொடுத்தாள், பொம்மைபோல ஒரு துணியைச் சுருட்டிக் கொடுத்தாள். அவள் எதையும் தொடவில்லை. "அம்மாகிட்ட போலாம், அம்மாகிட்ட போலாம்" என்பதை விடியும்வரை ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். நைனா வெளியே படியில் படுத்திருந்தார். உள்ளே வரவே இல்லை. எனக்குத் தங்கையின் மேல் கோபம் கோபமாக வந்தது. இப்படி ஒரு இடத்துக்கு வந்து இவள் அழுது கெடுக்கிறாளே என்று அவள் தொடையில் ஒருமுறை கிள்ளினேன்.

மறுநாள் பகல் முழுவதும் மாமா என்னை யார்டைச் சுற்றிக் காட்டினார். ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்தவர் தூங்கவே இல்லை. வேகன்களின் உடம்பில் வெள்ளை எழுத்தில் ஏதேதோ எழுதியிருந்தது. இது வடக்கேயிருந்து கோதுமை, இது உப்பு, இது நிலக்கரி என்று மாமா சொல்லிக்கொண்டே வந்தார். கோதுமை சிந்திய இடத்தில் குருவிகள் கூட்டமாக இருந்தன. வழி மாற்றும் இரும்புப் பிடியை இழுக்கச் சொன்னார். நான் இரண்டு கையாலும் தொங்கியும் அது அசையவில்லை. மாமா ஒரு கையால் சாய்த்தார். கரி இன்ஜின் டிரைவர், இன்ஜினிலிருந்து பிடித்த வெந்நீரில் டீ போட்டு எனக்கும் ஒரு தகரக் குவளையில் கொடுத்தார். எனக்காக ஒருமுறை விசில் அடித்தும் காட்டினார். என் நெஞ்சுக்குள் ஏதோ புகுந்து வெளியே போனது போல இருந்தது.

"புடிச்சிருக்கா இந்த இடம்?" என்று மாமா கேட்டார்.

"நான் இங்கியே இருந்துக்கறேன் மாமா" என்றேன்.

அவர் என் தலையில் கை வைத்தார். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தார்.

வீட்டுக்குத் திரும்பியபோது தங்கையை என்னால் அடையாளம் காண முடியவில்லை. அத்தை அவளைச் சுடுதண்ணீரில் குளிப்பாட்டி, இரண்டு சடையையும் ஒழுங்காகப் பின்னி, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். முகத்தில் பவுடர். புதிய கவுன் ஒன்று. தங்கை அத்தையின் மடியில் உட்கார்ந்து ஒரு பன்னைத் தின்றுகொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவளுக்குப் பன் கிடைத்ததும் எனக்குக் கிடைக்காததும்தான் அப்போது என் கண்ணில் பட்டது.

சாயங்காலம் குழாயடியில் பெரியவர்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கட்டைகளின் பின்னால் உட்கார்ந்து வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளிந்துகொண்டு கேட்கவில்லை. அத்தையின் குரல் அப்படி.

"தம்பி, பெரியவளே இருக்கட்டுமே. அவளுக்கு இங்க ஒட்டிக்கிச்சு. சின்னது ராத்திரி பூரா தேம்புது. என்னால பாக்க முடியலடா."

நைனா சொன்னார்: "பெரியவ தண்ணில எறங்கறாக்கா. அவ கையி நல்ல கையி. அவுங்கம்மா இன்னும் எத்தினி நாளுக்கு எறங்குவா? இவளையும் உட்டுட்டு நான் இன்னா பண்றது? சின்னதுக்கு வயசு பத்தாது. மறந்துடும்."

மாமா குழாயை இறுக்கி மூடினார். பிறகு சொன்னார்: "இன்னிக்கி ஒரு ராத்திரி பாப்போம் மச்சான். அழுக நிக்கலனா காலைல இட்டுகினு பூடு. ஒரு புள்ளைய அழ வச்சிட்டு நாம இன்னா சந்தோசத்தப் பாக்கப் போறோம்."

அவ்வளவையும் நான் கேட்டேன். ஒரு சொல்கூடத் தப்பவில்லை. நைனா என் கையை நல்ல கை என்று சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. 'இருக்கட்டும்' என்றால் இரண்டு ராத்திரிக்கு மேலும் சில நாள் எல்லோரும் இருக்கட்டும் என்று பொருள் செய்துகொண்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்று தெளிவாகப் புரிந்தது: தங்கை இன்றைக்கும் அழுதால் காலையிலேயே எல்லோரும் ஊருக்குப் போக வேண்டும். யார்டு போய்விடும். இன்ஜின் போய்விடும். பச்சை விளக்கு போய்விடும்.

அவள் அழக் கூடாது. அதற்கு நான் ஏதாவது செய்ய வேண்டும்.

அன்று ராத்திரி நான் ஜன்னல் பக்கம் போகவில்லை. விளக்கணைத்ததும் தங்கையின் பக்கத்தில் படுத்து என் பாவாடையை அவள் மேல் பாதி போர்த்தினேன். முதல் மோதல் கேட்டது. அவள் உடம்பு விறைத்தது.

"க்கா, அது இன்னா?"

"படகு."

"பொய்யி."

"நெஜமா. பெரிய பெரிய இரும்புப் படகு. ராத்திரி ஆனா கரைக்கு வந்துடும். தனித்தனியா நின்னா காத்து இஸ்துகினு பூடும்ல? அதுக்குத்தான் மாமா ஒன்னோட ஒன்னு சேத்துக் கட்றாரு. கட்டும்போது இடிச்சிக்குது."

"வலிக்காதா அதுக்கு?"

"படகுக்கு எங்க வலிக்கும்."

"எல்லாத்தையும் கட்டிடுவாரா?"

"ஒன்னகூட உட மாட்டாரு."

அவள் யோசித்தாள். அடுத்த மோதல் வந்தபோது மூக்கை உறிஞ்சினாளே தவிர அழவில்லை. அதற்கடுத்த சத்தத்துக்கு, "ரெண்டு" என்றாள். பிறகு நாங்கள் எண்ண ஆரம்பித்தோம். அவளுக்கு ஐந்து வரைதான் தெரியும். ஐந்தானதும் மறுபடி ஒன்றிலிருந்து. நடுவில் ஒருமுறை, "அம்மாவும் கரைல இருக்குமா?" என்று கேட்டாள். இருப்பாள் என்று சொன்னேன். தூங்கி எழுந்தால் வந்துவிடுவாள் என்றும் சேர்த்துக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அப்போதுதான் அவள் தூங்குவாள். அவள் தூங்கினால் நான் ஜன்னலுக்குப் போகலாம்.

மூன்றில் அவள் குரல் நின்றுவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன். என் பாவாடையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். சரி, இருக்கட்டும் என்று படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். பார்க்காமல் கேட்பதும் ஒரு சுகமாகத்தான் இருந்தது. இன்ஜின் வருவதும் போவதும் எனக்கு இப்போது காதிலேயே தெரிந்தது. வேகன் உருண்டு போகும் அந்தச் சத்தமில்லாத நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அது போய்ச் சேர்ந்ததும் மூச்சு விடுவேன். வாசற்பக்கம் யாரோ நிற்பது தெரிந்தது. அத்தைதான். தங்கை தூங்குவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். முந்தானையால் வாயை மூடியிருந்தாள். அவளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

விடியுமுன் நைனா என் தோளைத் தொட்டு எழுப்பினார். கிளம்பு என்று சைகை காட்டினார். பேசக் கூடாது என்று வாயில் விரல் வைத்தார். தங்கையை எழுப்பப் போனேன். தலையை வேகமாக ஆட்டினார்.

என் பாவாடை இன்னும் அவள் கைக்குள் இருந்தது. நைனா குனிந்து அதை இழுக்கப் பார்த்தார். அவள் தூக்கத்தில் முனகினாள். நான் அவர் கையைத் தள்ளிவிட்டு நானே செய்தேன். சேற்றுக்குள் இறால் கலையாமல் விரலை நகர்த்துவது எனக்குத் தெரியும். அதே மாதிரி அவள் சுண்டுவிரலை முதலில் எடுத்தேன். கொஞ்சம் பொறுத்தேன். அடுத்ததை எடுத்தேன். கட்டைவிரல்வரை வர வெகுநேரம் ஆயிற்று. அவள் மூச்சு மாறவே இல்லை. அத்தை அந்தக் கைக்குள் தன் முந்தானையின் நுனியை வைத்தாள். தங்கையின் விரல்கள் அதை மூடிக்கொண்டன. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

மாமா கைவிளக்கோடு எங்களைத் தண்டவாளங்களுக்குக் குறுக்கே அழைத்துப் போனார். மஞ்சள் பை எங்களோடு வரவில்லை. என் பாவாடை சட்டையை ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள்.

"பாப்பா?" என்றேன்.

"அவ கொஞ்ச நாள் இருந்துட்டு வருவா" என்றார் நைனா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு ரயில் பிடிக்கவே பிடிக்காது, பிடித்தது எனக்கு, அவளை வைத்துக்கொண்டு என்னை அனுப்புகிறார்களே என்று பொன்னேரிவரை தேம்பிக்கொண்டு வந்தேன். அங்கே இறங்கியதும் நைனா வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். முழுவதையும் நானே தின்றேன். பஸ்ஸில் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அம்மா கேட்டா பாப்பா நல்லா இருந்தானு சொல்லு." எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் நல்லாத்தானே இருந்தாள்.

கொஞ்ச நாள் என்பது முடியவே இல்லை. தம்பி பிறந்து பெயர் வைத்தபோது தங்கை ஊருக்கு வந்தாள். காலில் ஷூ போட்டிருந்தாள். படகிலிருந்து இறங்கும்போது, அது சேற்றில் பட்டுவிடும் என்று அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் அவள் அத்தையை அம்மா என்று கூப்பிடப் பழகியிருந்தாள். நம் உறவுமுறையில் அதற்குப் பிறகு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அத்தை அம்மாவானால் நைனா மாமா, எங்கள் அம்மா அத்தை. அம்மா அவளுக்கு இறால் உரித்து ஊட்டப் போனாள். "போதும் அத்தை" என்றாள் தங்கை. எல்லோரும் புத்திசாலிப் பிள்ளை என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் பள்ளிக்கூடம் போனாள், காலேஜ் போனாள், ஆபீஸ் வேலைக்குப் போனாள். அத்தையும் மாமாவும் அவளை ஒரு குறையும் இல்லாமல் வளர்த்தார்கள். அதில் யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நான் தண்ணீரில் இருந்தேன். கல்யாணமாகும்வரை இருந்தேன், ஆன பிறகும் இருந்தேன். ரொம்ப வருஷம் எனக்கு அவள் மேல் பொறாமை இருந்தது. ரிப்பனுக்கும் ஷூவுக்கும் அல்ல. அந்த ஜன்னலுக்கு.

அம்மா இறந்தபோது அவள் வந்து ஒரு ராத்திரி தங்கினாள். எடுத்து முடித்து எல்லோரும் ஆங்காங்கே சாய்ந்துவிட்டார்கள். அவளுக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு அமைதியாக இருந்தால் தன்னால் தூங்க முடியாது என்றாள். வெளியே வந்து கரையில் உட்கார்ந்தோம். அவளுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. வெகுநேரம் கழித்து, நேற்று நடந்தது போலக் கேட்டாள்.

"போறப்போ ஏன் என்னை எழுப்பல?"

"நைனா வேணாம்னு சொல்ட்டாரு."

"நான் அவரைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

நான் கரை மணலை விரலால் கிளறினேன்.

"முழிச்சப்போ கையில துணி இருந்தது" என்றாள் அவள். "உன் பாவாடைன்னு நெனச்சேன். நீ இருக்கேன்னு கண்ணைத் தொறக்காம இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்."

அன்றைக்கு நான் திரும்பி வந்து கரை சேர்ந்ததும் நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

படகு கரையை நெருங்கும்போது அம்மா தண்ணீரில் இருந்தாள். குந்தியிருந்தவள் படகைப் பார்த்து எழுந்தாள். முதலில் நைனாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு படகின் அடிப்பகுதியைப் பார்த்தாள், அங்கே யாராவது படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கலாம் என்பது போல. வாயிலிருந்த பறியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். நைனா இறங்கி அவள் பக்கம் திரும்பாமல் வீட்டை நோக்கி நடந்தார்.

அம்மா என்னிடம் வந்தாள். வயிறுவரை ஈரமாக இருந்தாள்.

"அழுதாளா?" என்றாள்.

நான் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். மூச்சு விடாமல் சொன்னேன். முதல் ராத்திரி மட்டும்தான் அழுதாள், அத்தையால் நிறுத்த முடியவில்லை, மாமாவால் முடியவில்லை, நான்தான் நிறுத்தினேன். இரண்டாவது ராத்திரி ஒருதடவைகூட அழவில்லை. நான் கதை சொன்னேன், தூங்கிவிட்டாள். என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். நைனா இழுத்தார், முழித்துக்கொள்ளப் பார்த்தாள். நான்தான் ஒவ்வொரு விரலாக எடுத்தேன். அவளுக்குத் தெரியவே இல்லை. இப்படி, என்று என் இடது கையை மூடி, வலது கையால் விரல்களைப் பிரித்தும் காட்டினேன்.

அம்மா என் வலது கையைப் பிடித்தாள். திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. தண்ணீரிலிருந்து வந்த நாட்களில் இறால் முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்தியிருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பாள். ஆனால் இவ்வளவு நேரம் பார்க்க மாட்டாள்.

"ஒன்னும் குத்தலம்மா" என்றேன்.